எனக்கு முன்னால் அவள் போய்விட வேண்டும் என்று வேண்டுவது தவறா?

கேள்வி, ஜனவரி 9

எனக்கு 70 வயது. கணவர் காலமாகிவிட்டார். சினைப்பைப் புற்றுநோய் கல்லீரல்வரை பரவிவிட்டதால் இனி வலியைக் குறைக்கும் சிகிச்சை மட்டுமே தர முடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாவதற்கு எனக்குப் பயமில்லை. என் மகளுக்கு 41 வயது; டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். பேசுவாள், தானே உடுத்திக்கொள்வாள், ஆனால் இன்றுவரை ஓர் இரவுகூட என்னைப் பிரிந்து இருந்ததில்லை. மகனும் மருமகளும் நல்லவர்கள்தான்; அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. எனக்கு ஒரு நாள் முன்னதாக அவளை அழைத்துக்கொள் என்றுதான் தினமும் வேண்டுகிறேன். பெற்றவள் இப்படி வேண்டலாமா? என் நோயைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டாள்.

ஜனவரி 9, இரவு

அம்மா, இந்த வேண்டுதலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அண்ணனுக்குப் பிறக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு போதாமல் அறிவுசார் குறைபாடு ஏற்பட்டது. எங்கள் தாயும் இதே சொற்களில்தான் வேண்டிக்கொண்டிருந்தார். இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் பலரும் இதை வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இதில் பாவம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இப்படி வேண்டும் பெற்றோர் பிள்ளையின் சாவை விரும்புவதில்லை, அந்தப் பிள்ளை அந்நியர் கையில் படப்போகும் துன்பத்தைக் காணவே அஞ்சுகிறார்கள்.

இந்த வேண்டுதல் ஒரு காலத்தில் பெரும்பாலும் தானாகவே பலித்துவந்தது. 1983ஆம் ஆண்டில்கூட அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்தான். இன்று அது ஏறத்தாழ 60. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கியதும், நுரையீரல் தொற்றுகளுக்கு உடனுக்குடன் மருந்து கிடைத்ததும், பெரிய காப்பகங்களில் அடைத்து வைக்காமல் குடும்பத்தோடு வளர்த்ததும் இதற்குக் காரணங்கள். ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகப்போகும் முதல் பெருந்தலைமுறைப் பெற்றோர் நீங்களும் என் தாயும்தான். உங்களுக்கு முன்னே சென்றவர்கள் வழி காட்டவில்லையே என்று நீங்கள் தவிப்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு இந்த வழியில் நடக்க நேரவே இல்லை.

ஜனவரி 10

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். "எனக்குப் பிறகு இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: "எனக்குத் தெரிந்தவையெல்லாம் வேறு யாருக்குத் தெரியும்?" முதல் கேள்விக்கு முழு விடை எவராலும் தர முடியாது. இரண்டாவதற்கு இன்றே, படுக்கையில் இருந்தபடியே விடை எழுதத் தொடங்கலாம்.

என் தாய் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்தார். கையெழுத்து நடுங்கத் தொடங்கிய பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன். மருந்துகளின் பெயர், அளவு, வேளை, வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம் பொறுக்கலாம், எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பவை அதில் சில பக்கங்கள் மட்டுமே. மற்ற பக்கங்களில் இருந்தவற்றை எந்த மருத்துவரும் எழுதித் தந்திருக்க முடியாது. முடி வெட்டும்போது வாசலைப் பார்த்தபடி உட்காரவைத்தால் அண்ணன் பயப்பட மாட்டார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் மறந்துவிட்டது என்று பொருளல்ல, அந்த நாளில் ஏதோ மாறியிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். முதுகுக்குப் பின்னாலிருந்து தொட்டால் அடிப்பார். முன்னால் வந்து பெயர் சொன்னால் கையைப் பிடித்துக்கொள்வார். வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், பேசுவதையே நிறுத்திவிடுவார்.

இந்தக் கடைசி வரி அவரைக் காப்பாற்றியது. தாய் இறந்த பிறகு ஒரு சமயம் அவர் பேச்சை நிறுத்தினார், உணவைத் தள்ளினார், கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். அவரைப் பரிசோதித்த மருத்துவர், இத்தகையவர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள், துக்கமாகவும் இருக்கலாம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். நான் நோட்டைக் காட்டி, வலி இருக்கிறதா என்று தேடுங்கள் என்று வற்புறுத்தினேன். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. உடல்நோயின் அறிகுறி எதுவானாலும் அதை அறிவுசார் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கம் உலகெங்கும் உள்ளது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் இவர்களிடையே நேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மகள் வலியை எப்படிக் காட்டுவாள் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஜனவரி 10, மாலை

எழுத முடியாவிட்டால் கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். அவளை எப்படி எழுப்புகிறீர்கள், கோபத்தை எப்படித் தணிக்கிறீர்கள் என்பதை வேறொருவர் காணொளியாக எடுக்கட்டும். சொல்லில் அடங்காத பல செய்திகள் உங்கள் குரலில் இருக்கும்.

ஜனவரி 13

பணத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லா இடத்துக்கும் பொருந்துபவற்றை மட்டும் சொல்கிறேன். சொத்தை நேரடியாகப் பிள்ளையின் பெயரில் எழுதினால், அதை நிர்வகிக்க முடியாமல் போகலாம், பிறர் பறித்துக்கொள்ளலாம், சில நாடுகளில் அரசு உதவித்தொகையும் நின்றுபோகலாம். இன்னொரு பிள்ளையின் பெயரில் எழுதிவிட்டு "அவன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டால், அவன் கடன்பட்டாலோ விவாகரத்து ஆனாலோ இறந்தாலோ அந்தப் பணம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இவளுக்கென்றே அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி, பணத்தை நிர்வகிப்பவர் ஒருவராகவும் அவளோடு பழகி அவளுக்காகப் பேசுபவர் இன்னொருவராகவும் இருக்கும்படி செய்வது நல்லது. இரண்டு பொறுப்பும் ஒரே கையில் இருந்தால் கேள்வி கேட்க ஆளிராது. பாதுகாவலருக்கும் வயதாகும், அவருக்கு அடுத்தவர் யார் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, அவர்களுக்கும் மற்றவர்களுக்கு இணையான சட்டத்தகுதி உண்டு என்றும், அதைப் பயன்படுத்தத் தேவையான உதவியைத் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இதை வெறும் ஏட்டுச் சட்டமாக நினைக்க வேண்டாம். எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்று உங்கள் மகளை யாரேனும் கேட்டிருக்கிறார்களா? என் அண்ணனை நாங்கள் கேட்டோம். அவர் என் வீட்டைச் சொல்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். பகல்நேரப் பயிற்சி மையத்தில் தன்னோடு வேலை செய்யும் நண்பரின் பெயரைச் சொன்னார்.

ஜனவரி 17

அம்மா மீண்டும் எழுதியிருக்கிறார். நோட்டைத் தொடங்கிவிட்டாராம், ஆனால் நோயைப் பற்றி மகளிடம் சொல்ல மனம் வரவில்லையாம். "அவள் குழந்தை, அவளுக்குச் சாவு புரியாது" என்கிறார். இதில் நான் அவரோடு உடன்பட மாட்டேன். ஏன் என்பதைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சாவைப் புரிந்துகொள்வது என்பது ஒரே பாய்ச்சலில் நிகழ்வதல்ல. இறந்தவர் திரும்பி வர மாட்டார் என்பது ஒன்று; உடல் இயங்குவதை நிறுத்திவிடுகிறது, இனிப் பசியோ வலியோ குளிரோ இல்லை என்பது ஒன்று; உயிருள்ள எல்லோரும் இறப்பார்கள் என்பது ஒன்று; அதற்கு உடல்ரீதியான காரணம் உண்டு என்பது இன்னொன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் இவற்றில் சிலவற்றைப் புரிந்துகொண்டு சிலவற்றில் தடுமாறுகிறார்கள். எதில் தடுமாறுகிறார்கள் என்று கண்டறிந்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முழுமையாகப் புரியாதவருக்கும் பிரிவின் வேதனை முழுமையாகவே இருக்கும்.

அதுமட்டுமன்று, நீங்கள் மறைத்தாலும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நீங்கள் மெலிவதையும், வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துவதையும், தான் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்பதையும் பார்க்கிறாள். காரணம் சொல்லப்படாத இடத்தில் அவளாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்வாள்; பெரும்பாலும் அது "நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்" என்பதாகத்தான் இருக்கும். என் அண்ணன் தாயின் மருந்துப் பெட்டியை ஒருமுறை கீழே தள்ளிவிட்டிருந்தார். தாய் படுக்கையில் விழுந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தது, நோயைப் பற்றி அவரிடம் பேசத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பழியை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்திருப்பார்.

எப்படிச் சொல்வது? ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். அவளுக்கு ஏற்கனவே தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அது உனக்குத் தெரியும். சில நாள் கழித்து: மருந்து சாப்பிட்டும் இந்த நோய் போகவில்லை. பிறகு: மருத்துவரால் இதைச் சரிசெய்ய முடியாது. பிறகு: அம்மா இறந்துபோவேன். "தூங்கப்போகிறேன்", "ஊருக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூங்கியவர் எழுவார் என்றும் போனவர் வருவார் என்றும் காத்திருப்பார்கள், சிலர் தாங்கள் தூங்குவதற்கே அஞ்சுவார்கள். ஒவ்வொரு முறையும் "இது உன்னால் வந்ததல்ல, உனக்கும் தொற்றாது" என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும். ஒன்றும் நடக்காததுபோல எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போனாலும் போகட்டும். கேட்டுக்கொண்டதை அவள் தன் வேகத்தில் உள்ளே வாங்கிக்கொள்வாள்.

இறுதிச் சடங்கிலிருந்து அவளை அப்புறப்படுத்தக் கூடாது என்று மகனிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர், அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வேறு வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். நல்லெண்ணத்தில் செய்வார்கள். திரும்பி வரும்போது வீட்டில் தாய் இருக்க மாட்டார், எங்கே போனார் என்பதை அவள் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டாள்.

ஜனவரி 18

இன்னும் ஒன்று. இவர்களின் துக்கம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வெளிப்படும். தாய் இறந்த வாரத்தில் என் அண்ணன் அமைதியாக இருந்தார். "பார், இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று உறவினர்கள் ஆறுதலடைந்தார்கள். பல மாதங்கள் கழிந்து, எல்லோரும் தத்தம் வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகு, தாயின் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் அருகில் விடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடி இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.

ஜனவரி 22

வரலாற்றிலிருந்து இரண்டு மகள்களைப் பற்றிச் சொல்கிறேன், அம்மா. ஒருத்தி நீங்கள் வேண்டுவதுபோல முன்னால் போனவள், மற்றவள் பின்னால் வாழ்ந்தவள்.

பிரான்சின் தலைவராக இருந்த சார்ல் டி கோலின் இளைய மகள் ஆன் 1928இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தாள். அவரும் அவர் மனைவி இவோனும் அவளைத் தங்களிடமே வைத்து வளர்த்தார்கள். தங்களுக்குப் பிறகு என்ன என்ற கவலையோடு, வசதியற்ற குடும்பங்களின் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்காக 1945இல் ஆனின் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 1948இல், 20 வயதில், ஆன் நிமோனியாவால் இறந்துபோனாள். பெற்றோரின் அச்சம் அத்தோடு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். ஆனாலும் அவர்கள் அறக்கட்டளையைக் கைவிடவில்லை. அது மற்றவர்களின் மகள்களுக்காகத் தொடர்ந்தது.

நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக்கின் மகள் கேரல் 1920இல் பிறந்தவள். அவளுடைய குறைபாட்டுக்குக் காரணம் பி.கே.யு. என்னும் வளர்சிதைமாற்றக் கோளாறு; உணவுப் புரதத்தின் ஒரு கூறை உடலால் சிதைக்க முடியாத நிலை அது. அப்படி ஒரு நோய் இருப்பதே 1934இல்தான் கண்டறியப்பட்டது. இன்றைக்குப் பிறந்திருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையும் கட்டுப்பாடான உணவும் அவளைக் காத்திருக்கும். தாய் 1929இல் அவளை நியூ ஜெர்சியில் ஒரு பயிற்சி இல்லத்தில் சேர்த்தார். தான் இல்லாத காலத்திலும் மகளுக்குக் குறைவிருக்கக் கூடாது என்ற கவலை, அவர் பணத்துக்காக ஓயாமல் எழுதியதற்கு ஒரு காரணம். 1973இல் பேர்ல் பக் இறந்தார். கேரல் அதற்குப் பிறகும் 19 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து 1992இல் இறந்தாள்.

மகளை இல்லத்தில் விட்ட தாயைக் குறைசொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒன்பது வயதில் பிரித்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் தாய் இறந்த நாளில் கேரல் உறங்கியது தனக்குப் பழகிய கட்டிலில். உங்கள் மகளுக்கு இப்போதுள்ள நிலையில், நீங்கள் இறக்கும் நாளிலேயே வீடும் படுக்கையும் அன்றாட ஒழுங்கும் சேர்ந்து பறிபோகும். தாயை இழப்பதை நம்மால் தடுக்க முடியாது. மற்ற இழப்புகளை அந்த நாளிலிருந்து தள்ளி வைக்கலாம்: மகன் வீட்டில் முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு வாரக்கடைசி. திரும்பி வந்து உங்களைப் பார்க்க முடியும் என்ற நிலை இருக்கும்போதே அவள் பிரிந்திருந்து பழகட்டும்.

ஜனவரி 23

மகன் வீடு என்று நேற்று எழுதிவிட்டேன். மகனிடம் கேட்டீர்களா என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். உடன்பிறந்தவர் பார்த்துக்கொள்வார் என்பதைப் பேசாமலே தீர்மானித்துவிடும் குடும்பங்கள் ஏராளம். நானும் அப்படிப்பட்ட உடன்பிறப்பு என்பதால் இதைச் சொல்கிறேன்: நான் பெற்ற பெரிய உதவி, என் தாய் என்னை நேராகக் கேட்டதும், முடியாது என்று சொல்லும் உரிமையை எனக்குத் தந்ததும்தான். "உன்னால் முடியாத நாள் வந்தால் அவனை நல்ல இல்லமொன்றில் சேர், வாரந்தோறும் போய்ப் பார், அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது" என்றார். இல்லத்தில் சேர்க்க மாட்டேன் என்று சாகும் தறுவாயில் சத்தியம் வாங்கிக்கொண்ட பெற்றோரின் பிள்ளைகளையும் நான் அறிவேன். அந்தச் சத்தியத்தால் அவர்கள் உடல் ஒடிந்து, மனம் கசந்து, கடைசியில் அந்தக் கசப்பு யாருக்காகச் சத்தியம் செய்தார்களோ அவர்கள்மேலேயே விழுகிறது.

ஜனவரி 27

"அவள் பெண், யாராவது ஏதாவது செய்துவிட்டால்?" என்று அம்மா கேட்டிருக்கிறார். இந்த அச்சத்தைத் தேவையற்றது என்று நான் ஒதுக்க மாட்டேன்; அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாவது மற்றவர்களைவிட மிக அதிகம், செய்பவர் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவர். அறையில் பூட்டி வைப்பது இதற்குக் காப்பாகாது. யாரும் வந்து பார்க்காத இடத்தில்தான் இது நடக்கிறது. வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த பலர் அவளைத் தவறாமல் சந்திக்க வேண்டும். உடலுறுப்புகளின் பெயர்கள் அவளுக்குத் தெரிய வேண்டும். வேண்டாம் என்று அவள் சொல்வதைச் சின்ன விஷயங்களில் நீங்கள் மதித்தால்தான் பெரிய விஷயத்தில் சொல்ல அவளுக்குத் துணிவு வரும். இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், முன்னறிவிப்பின்றிப் பார்க்க அனுமதிப்பார்களா, இரவில் பொறுப்பில் இருப்பவர் யார் என்று விசாரியுங்கள். இவற்றுக்குத் தயங்கும் இடம் வேண்டாம்.

ஜனவரி 30

நோட்டில் சேர்க்க வேண்டிய மருத்துவக் குறிப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று பிரதிகளாக இருக்கிறது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் உள்ளது. ஆகவே பெரும்பாலோருக்கு ஐம்பதுகளிலேயே மறதிநோயின் அறிகுறிகள் தொடங்கிவிடுகின்றன. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் இறந்த பிறகு அவள் ஒடுங்கிப்போனால், அது துக்கமா, தைராய்டு குறைபாடா, மறதிநோயா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும். மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டுக்கும் நிவாரணம் உண்டு. இன்று அவளால் என்னென்ன செய்ய முடிகிறது என்பதைத் தேதியிட்டு எழுதுங்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு பக்கம்தான் மருத்துவருக்கு உதவும். தைராய்டு பரிசோதனை ஆண்டுதோறும் வேண்டும்.

பிப்ரவரி 6

அம்மாவின் புதிய செய்தி: மகள் இப்போது வேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துத் தருகிறாளாம், அதை வேண்டாமென்று தடுக்கிறாராம், "அவளைப் போய் வேலை வாங்குவதா" என்று. தயவுசெய்து தடுக்காதீர்கள். வாழ்நாள் முழுவதும் பிறரால் பார்த்துக்கொள்ளப்பட்டவள் இப்போது தன் தாயைப் பார்த்துக்கொள்கிறாள். முதிய பெற்றோரும் இத்தகைய பிள்ளைகளும் வாழும் பல வீடுகளில் கவனிப்பு இரு பக்கமும் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். அவள் செய்வதை நோட்டில் எழுதுங்கள். அடுத்து வருபவர்கள் அவளை எதுவும் தெரியாதவளாக நடத்தாமலிருக்க அது பயன்படும்.

பிப்ரவரி 11

சொல்லிவிட்டார். மகன், மருமகள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நான்கைந்து நாள்களில் சிறிது சிறிதாகச் சொன்னாராம். நேற்று மகள் கேட்ட கேள்வியை அப்படியே எழுதியிருக்கிறார்: "நீ செத்துட்டா, என் தைராய்டு மாத்திரை யார் தருவா?" இத்தனை நாள் அஞ்சியது இதற்குத்தானா என்று அழுகையாக வந்ததாம், என்ன பதில் சொல்வதென்று கேட்கிறார்.

"நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்" என்பது அவளுக்குப் பதிலாகாது, அம்மா. ஒரு பெயரைச் சொல்லுங்கள். உங்கள் மருமகள்தான் என்று முடிவாகியிருந்தால், நாளைக் காலையிலிருந்தே அவர் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், மகள் மறுத்தாலும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள். மருமகள் வெளியூர் போகும் நாளில் கொடுக்கப்போகிறவர் யார் என்பதையும் அவளிடமே சொல்லிவிடுங்கள். அடுத்து அவள் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்.